அரைக்குருடும் முழுக்குருடும்

சிவதாணு சார் சீட்டாட்டத்தில் பந்தயத்தை ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கு ஒரு பலன் இருந்தது. மேசையைச் சுற்றி இருக்கும் மற்ற மூன்று பேரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்வார்கள்; யாராவது வெற்றிலை போட்டிருந்தால் மெல்லுவதை நிறுத்துவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் செருமினார். கையிலிருந்த ஐந்து சீட்டுகளைக் கண்ணாடி வழியாக ஒருமுறை, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். தன் முன்னால் ஏற்கெனவே கிடந்த ஒற்றைத் தகர வில்லைக்குத் துணையாக இன்னும் மூன்றை விரல் நுனியால் தள்ளிவிட்டு, "ஏத்தம்" என்றார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த வன்னியபெருமாள் தன் சீட்டுகளைக் கவிழ்த்தார். "எடுத்துக்கிடுங்க சார்" என்றார். கவிழ்த்த சீட்டில் மூன்று ஏழு இருந்தது.

சாலைக் கடைவீதியில், தாணுமாலையனின் தேங்காய் எண்ணெய் மண்டிக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் தமிழ்ச் சகோதர வாசகசாலை. வாசிப்பதற்கு இரண்டு பத்திரிகைகள் வரும். இரண்டும் கீழே மண்டியில் ஒரு சுற்று வாசிக்கப்பட்டு, எண்ணெய்க் கை பட்டு, எழுத்துகள் மறுபக்கம் தெரியும்படி ஆன பிறகு மேலே வந்து சேரும். எனவே அங்கே யாரும் வாசிப்பதில்லை. சகோதரத்துவமும் அப்படியே. மாடியின் நடுவில் ஒரு வட்ட மேசை, கைவைத்த நான்கு பிரம்பு நாற்காலிகள். சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. நாற்காலியில் இருக்கும் நான்கு பேர்தான் நிர்வாகம். மற்ற சகோதரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, நிர்வாகம் சீட்டு விளையாடுவதைப் பார்க்கலாம்.

விளையாட்டு போக்கர். பொன்முடிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட்கிளார்க்காக இருந்த சிவதாணு சார், ஓய்வு பெற்று இறங்கியபோது மூன்று பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, திருவனந்தபுரத்தில் எந்த மாதத்திலும் போட முடியாத ஒரு கம்பளிக் கோட்டு. இரண்டு, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு எடை போடும்போது அடையாளமாகக் கொடுக்கிற தகர வில்லைகள் ஒரு சாக்கு. மூன்றாவது, துரைமாரின் இந்த விளையாட்டு. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கொடுத்து ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு வில்லை வைத்தாக வேண்டும். முதல் ஆள் ஒன்று. அவருக்கு இடப்பக்கத்து ஆள் இரண்டு. துரைமார் இதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, வாசகசாலையில் அரைக்குருடு, முழுக்குருடு. மற்ற இருவரும் சீட்டைப் பார்த்துவிட்டுச் சேரலாம், கவிழ்க்கலாம். ஏற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு. நாலுக்கு மேல் போகக் கூடாது. மாற்றிய பிறகு வேண்டுமானால் இன்னொரு நாலு. ஏற்றியதற்கு ஈடாக வைத்தால் அது 'பார்ப்பது'; கடைசியில் சீட்டைக் காட்ட வேண்டும். பணம் கிடையாது, வில்லை மட்டும்தான். 'சூதாட்டம் நம்ம பண்பாட்டுல கெடையாது வேய்' என்பது சிவதாணு சாரின் வாக்கு.

குருடுகள் ஆட்டத்துக்கு ஆட்டம் சுற்றி வரும். நாற்காலிகள் சுற்றாது. நாற்காலி சீனியாரிட்டிப்படி என்று சார்தான் ரூல் போட்டிருந்தார். அதனால் சார் அரைக்குருடாகும்போதெல்லாம் வன்னியபெருமாள் முழுக்குருடு. மற்ற இருவரும் கவிழ்த்துவிடுவார்கள். சார் செருமுவார், ஏற்றுவார். வன்னியபெருமாளும் கவிழ்த்துவிடுவார். பயந்து அல்ல. வயதில் மூத்தவர் ஒன்றை ஏற்றும்போது, ஏற்றும் பார்ப்போம் என்று எதிரே உட்கார்ந்திருப்பது நன்றாக இராது என்று அவருக்குத் தோன்றும். எண்ணெய் மண்டி தாணுமாலையனுக்கும் அப்படியே தோன்றும். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் ஞானசிகாமணி வாத்தியாருக்கு அப்படித் தோன்றாது. ஆனால் மண்டி முதலாளியின் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, முதலாளி மரியாதை செய்யும் ஆளிடம் மல்லுக்கு நிற்க அவருக்கும் தைரியம் போதாது. இப்படியாக, இடப்பக்கம் யார் இருந்தாலும், பன்னிரண்டு வருடமாக விஷுவுக்கு விஷு அதிக வில்லை வைத்திருப்பவர் சிவதாணு சார். தன்னை ஒரு பெரிய ஆட்டக்காரர் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். வேறு எப்படி நம்புவார்?

அந்த ஞாயிறு, வன்னியபெருமாள் கவிழ்த்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த மின்விசிறி ஒரு முனகலோடு வேகம் பிடிக்க, வில்லைகளை வாருவதற்காகச் சார் கவிழ்த்து வைத்திருந்த சீட்டு ஐந்தும் எழும்பி மல்லாந்து விழுந்தன. ஒரு ஜாக்கி. மீதி நான்கும் ஒன்றுக்கொன்று உறவுமில்லை, பகையுமில்லை. ஒரு ஜோடிகூடக் கிடையாது.

நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"சாரே, எனக்கொரு சம்சயம்" என்றார் ஞானசிகாமணி. "இத வச்சா ஏத்துனது?"

சாரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆட்டத்தை அவர் மலையாளத்தில் களி என்றுதான் சொல்வார். "சீட்டுலயா வேய் இருக்கு களி? ஆளுல இருக்கு. பக்கத்துல இருக்கவன் மொகத்தப் பாத்து ஏத்தணும்னு துரை சொல்லுவாரு. நான் பாத்திரத்துக்க மொகத்தப் பாத்தேன். கவுத்திருவான்னு தெரிஞ்சுது. கவுத்தினான்." வன்னியபெருமாள் பக்கம் திரும்பி, "என்னடே பாத்திரம், உன் கையில என்ன இருந்து?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் வன்னியபெருமாள்.

அவர் பாத்திரக்கடைக்காரர். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்து, பழவங்காடியில் ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்து, பிறகு அலுமினியச் சட்டிகளைத் தலையில் சுமந்து விற்று, இப்போது சாலையில் சொந்தமாக எவர்சில்வர் கடை. கடைக்கு வருகிறவர்கள் அண்ணாச்சி என்பார்கள். வாசகசாலையில் பாத்திரம். ஒன்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, போன விஷுவுக்குத்தான் நாற்காலிக்கு வந்தார். மூன்று வருடம் முன்பு சார் கொண்டுவந்த இன்னொரு ரூல் அதற்கு வழிசெய்தது: விஷுவன்று யாரிடம் வில்லை குறைவோ அவர் எழும்ப வேண்டும், புதிய ஆள் உட்காரும். இந்த விஷுவுக்கு யாரிடம் குறைவு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. புதிய ஆள் யார் என்பதிலும் இல்லை. சாரின் மகளைக் கட்டிய ஐயப்பன், பாங்கில் ஆபீசர், மாசி பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் வந்து மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால், அதன் முதுகில் கைவைத்து நின்று, களி படித்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் அவனுக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் இருந்தார்கள். துரைமார் வழக்கத்தில் வரிசை கிடையாது என்று சார் விளக்கியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மனைவி ஆவுடைத்தாய் கொண்டுவந்த சோற்றைத் தின்றுகொண்டே வன்னியபெருமாள் மூன்று ஏழைப் பற்றிச் சொன்னார். தான் கவிழ்த்ததையும் மின்விசிறி சுற்றியதையும் சொன்னார். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"அவரு ஏத்துனா நீங்க கவுத்திரணும்னு சட்டமா இருக்கு?"

"சட்டம் இல்ல. ஒரு மரியாதை."

"மரியாதைக்கு எதுக்குச் சீட்டு? நேரா போயி ஒரு கும்புடு போட்டுட்டு வீட்டுக்கு வந்துர வேண்டியதான. ஞாயித்துக்கெழம கடைக்கு ஒரு ஆளாவது மிச்சம்."

அவர் குழம்பு ஊற்றிக்கொண்டார். கடையில் ஒரு ஆள் குத்துப்போணியைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் படியிறங்குவதுபோல் பாவனை செய்தால், அவன் போகட்டும் என்று விட்டுவிடுகிறவர் அல்ல அவர். அவன் எந்தக் கல்லில் திரும்பிப் பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆளுக்கு இல்லாத என்ன மரியாதை சாருக்கு? யோசித்துப் பார்த்தால், சாரை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பிடிக்காத ஒருவருக்கு ஒரு வருடமாக ஞாயிறுதோறும் கவிழ்த்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தட்டில் கை காய்ந்தது. அங்கே சாரின் நாலு கிடக்கிறது, என் ரெண்டு கிடக்கிறது; ஆகமொத்தம் ஆறு. இன்னும் ரெண்டு போட்டால் பார்த்துவிடலாம். நாலு தடவையில் ஒரு தடவை ஜெயித்தால்கூடக் கை கடிக்காது. அதிலும் அரைக்குருடுதான் முதலில் சீட்டு மாற்றுகிறார். எத்தனை மாற்றுகிறார் என்று பார்த்துவிட்டு நான் மாற்றலாம். ஒரு யாவாரத்தில் எதிராளி முதலில் வாய் திறப்பது எவ்வளவு பெரிய சௌகரியம். இத்தனை சௌகரியத்தையும் காலடியில் வைத்துக்கொண்டு வருடம் பூராவும் கவிழ்த்திருக்கிறேன்.

"மூணு ஏழு பெரிய சீட்டோ?" என்றாள் ஆவுடைத்தாய்.

"பெருசுதான்."

"நல்லா இருக்கு" என்று அவள் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் படியேறும்போது மேலே திருப்பத்தில் சாரின் குரல் கேட்டது. மருமகனுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "அந்தப் பாத்திரக்காரன் விஷுவுக்கு எழும்பீருவான். அவங்கிட்ட களிக்க எனக்குச் சீட்டே வேண்டாம் கேட்டியா. எச்சித் தட்டு எடுத்த கையி. ஒரு செருமலு போதும்." ஐயப்பன் பணிவாகச் சிரித்தான். வன்னியபெருமாள் இரண்டு படி கீழே இறங்கி, சத்தமாக இருமிக்கொண்டு மறுபடியும் ஏறினார். சார் அவரைப் பார்த்து, "வா டே பாத்திரம், உனக்காக்கும் காத்திருக்கோம்" என்றார், அன்போடு.

சீட்டு சுற்றி வந்தது. சார் ஒன்று வைத்தார், வன்னியபெருமாள் இரண்டு வைத்தார். மற்ற இருவரும் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார்கள். செருமல். "ஏத்தம்."

"பாக்கேன்" என்றார் வன்னியபெருமாள்.

தாணுமாலையன் வெற்றிலை மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். பெஞ்சில் யாரோ பத்திரிகையை மடித்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் எழுந்து நின்று, பாயசம் எனக்கு முதலில் என்று சொன்னதுபோல் இருந்தது.

"என்னது?" என்றார் சார்.

"பாக்கேன்னு சொன்னேன் சார்." அவர் இரண்டு வில்லையை நடுவில் வைத்தார்.

"நான் ஏத்தியிருக்கேன்."

"ஆமா சார். அதத்தான் பாக்கேன்."

முதல் தடவை அவர் தோற்றார். சார் மூன்று சீட்டு மாற்றி, இரண்டு ராணியைக் காட்டினார். வன்னியபெருமாளிடம் இரண்டு ஆறு. சார் வில்லைகளை ஒவ்வொன்றாக, ஓசை கேட்கும்படி எடுத்து அடுக்கினார். அடுத்த சுற்றிலும் பார்த்தார், தோற்றார். "துரை ஒருக்கா சொன்னாரு" என்று ஆரம்பித்து, தகுதி இல்லாதவன் துணிவதைப் பற்றி சார் வெகுநேரம் பேசினார். மூன்றாவது தடவை சார் மூன்று மாற்றினார், வன்னியபெருமாளும் மூன்று மாற்றினார். சார் மறுபடியும் நாலு வைத்தார். வன்னியபெருமாள் பார்த்தார். சாரிடம் ஒரு ராஜாவும் குப்பையும். வன்னியபெருமாளிடம் இரண்டு நாலு.

"நாலு ஜோடி" என்றார் ஞானசிகாமணி, வகுப்பில் விடை வாசிப்பதுபோல். "கர்த்தாவே, நாலு ஜோடி."

"நாலு ஜோடிய வச்சுக்கிட்டு ஒருத்தன் பாப்பானா?" சாரின் காது சிவந்துவிட்டது. "இது களியா? வெவரமுள்ளவன் செய்யுத காரியமா?"

"சார் ராஜாவ வச்சு ஏத்தலாம், நான் நாலு வச்சுப் பாக்கக் கூடாதா?" வன்னியபெருமாள் வில்லைகளை இழுத்துக்கொண்டார். அவர் அடுக்கவில்லை. கடையில் சில்லறையை வாருவதுபோல் ஒரே கையால் வாரினார். அது சாருக்கு இன்னும் எரிந்தது.

அதன்பின் ஞாயிறுகள் கேவலமாகப் போயின. சார் ஏற்றினால் வன்னியபெருமாள் பார்ப்பார். வெறும் கையோடு சில தடவை பார்த்துத் தோற்றார். அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. ஆனால் தோற்றதைவிட ஜெயித்தது அதிகம்; சாரின் வில்லை அடுக்கு வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. பெஞ்சில் கூட்டம் கூடியது. பக்கத்துச் சந்தில் பலசரக்குக்கடை வைத்திருந்த ஒருவர், பத்திரிகை வாசிக்க என்று சொல்லிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக வாசகசாலைக்கு வந்தார். பார்க்க வேண்டுமானால் கையில் ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும் என்று ஒரு துரை ரூல் திடீரென்று சாருக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் அந்த ஜோடி ஜாக்கிக்குக் குறையக் கூடாது என்பதும் ஞாபகம் வந்தது.

"அந்தத் துரைக்கு ஆகமொத்தம் எத்தன ரூலு சாரே?" என்றார் ஞானசிகாமணி. "நாளாக நாளாகக் கூடிட்டே வருதே. அவரு சீமையிலருந்து இப்பவும் எழுதிப் போடுதாரோ?"

பெஞ்சு சிரித்தது. பன்னிரண்டு வருடத்தில் பெஞ்சு சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு அவர்களே கொஞ்சம் பயந்தார்கள்.

"அப்ப எடத்த மாத்துவோம்" என்றார் சார். "நான் வாத்தியாருக்கு வலப்பக்கம் இருக்கேன். பாத்திரம் அங்க போகட்டும்."

"நாற்காலி சீனியாரிட்டிப்படின்னு நீங்கதான சார் சொன்னது" என்றார் வன்னியபெருமாள்.

"நான் சொன்னத எனக்குச் சொல்லித் தாறியா நீ?"

"வாத்தியாரு ஒண்ணு கேக்கேன்" என்று ஞானசிகாமணி இடையில் புகுந்தார். அவருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. வேறு ஒருவர் முன்னால் போனால் வருகிற தைரியம். "துரைகூட நீங்க எத்தன வருசம் களிச்சீங்க?"

"பதினோரு வருசம். சனிக்கெழம சனிக்கெழம. பங்களாவுல."

"எந்தக் கசேரையில உக்காருவீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கசேரை என்னத்துக்கு? நான் பெரிய துரைக்குப் பின்னால நிப்பேன். வில்லை எண்ணிக் குடுக்கது நானாக்கும். நின்னு பாத்தவனுக்குத்தான் வேய் களி தெரியும். பெரிய துரை அரைக்குருடு. இடப்பக்கம் சின்ன துரை. பெரியவரு ஏத்துவாரு, சின்னவரு கவுத்திருவாரு. பதினோரு வருசத்துல ஒருக்காகூட அவன் பாத்தது கெடையாது. களின்னா அது களி. இங்க கெடந்து சட்டி விக்கவனும் பள்ளிக்கூடத்துல கம்பெடுக்கவனும்..."

"சின்ன துரைக்கு இன்கிரிமெண்டு யாரு போடுவா?" என்றார் ஞானசிகாமணி.

"பெரிய துரை" என்றார் சார், சட்டென்று.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. கீழே மண்டியில் ஒரு டின்னைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற ஐயப்பன், நாற்காலி முதுகில் இருந்த தன் இரண்டு கைகளையும் ஒரு கணம் பார்த்தான். "போதும் மாமா, இன்னைக்கு நிறுத்தலாம்" என்றான்.

"நீ சும்மா நில்லு" என்றார் மாமா.

விஷுவுக்கு முந்தின ஞாயிறு. வெயில் ஓட்டின் மேல் நின்று அடித்தது. தாணுமாலையன், வன்னியபெருமாளைக் கீழே மண்டியிலேயே பிடித்துக்கொண்டார். எண்ணெய் டின்களுக்கு நடுவே ஒதுக்கி நிறுத்தி, வேட்டியால் கழுத்தைத் துடைத்தபடி பேசினார்.

"ஓய், விசயம் எங்க வந்து நிக்குன்னு பாத்தீரா? எனக்கும் வாத்தியாருக்கும் வில்லை கெடக்கு. இனி நீரு இல்லன்னா சாரு. ரெண்டுல ஒருத்தரு எழும்பணும். சாரு எழும்பினா நல்லாவா இருக்கும்? அவரு எடத்துல அவரு மருமவன் இருக்க, அவரு நிக்கவா?"

"ரூலு அவரு போட்டதுதான முதலாளி."

"ரூலக் கொண்டு உப்புல போடும். நான் சொல்லுகதக் கேளும். இன்னைக்குக் கடைசியில அவரு ஏத்துவாரு. நீரு ஒரு மரியாதைக்குக் கவுத்திரும். நாற்காலிய மருமவன் எடுத்துக்கிடட்டும். உமக்கு நான் ஒரு ஸ்டூல் போட்டுத் தாறேன். மேசைக்குப் பக்கத்துலயேதான். நிர்வாகத்துல உம்ம பேரும் கெடக்கட்டும். ஒரு குறையும் வராது. இல்ல, நான் பாப்பேன்னு நின்னு தோத்தீருன்னு வையும், ஸ்டூலும் கெடையாது. பெறவு பெஞ்சுதான். அங்கயும் சாரு இருக்க விடுவாரான்னு எனக்குத் தெரியாது."

"சாரு தோத்தா?"

தாணுமாலையன் அவரை ஏதோ அபசகுனம் கேட்டதுபோல் பார்த்தார். "கை வச்ச ஸ்டூலா வேணும்னாலும் செய்யச் சொல்லுகேன்" என்றார்.

கை வைத்த ஸ்டூல். படியேறும்போது வன்னியபெருமாள் அதை மனதுக்குள் செய்து பார்த்தார். முதுகு இருக்காது. சாய முடியாது. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம், சாய முடியாமல், பேர் மட்டும் நிர்வாகத்தில். மோசமில்லை என்றும் தோன்றியது. ஒன்பது வருடம் பெஞ்சில் இருந்தவனுக்கு ஸ்டூல் உயரம்தான். இதைப்போல எத்தனையோ ஸ்டூல்களில் அவர் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து உட்கார்ந்துதான் கடை வந்தது. ஆனால் அந்த ஸ்டூலில் இருந்துகொண்டு, சார் வாரந்தோறும் ஏதாவது ஒன்றை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் செருமலை நினைத்ததும் அவருக்கு வாய் கசந்தது.

கடைசி ஆட்டத்தைத் தாணுமாலையன் போட்டார். அப்போது வன்னியபெருமாளைவிடச் சாரிடம் ஒரே ஒரு வில்லைதான் கூடுதல். எல்லோருக்கும் தெரியும், பெஞ்சுக்கும் தெரியும். சார் ஒன்று வைத்தார். வன்னியபெருமாள் இரண்டு வைத்தார். ஞானசிகாமணி தன் சீட்டைச் சரியாகப் பார்க்காமலேயே கவிழ்த்தார். தாணுமாலையனும் கவிழ்த்துவிட்டு, வன்னியபெருமாளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

சார் செருமினார். தொண்டையில் ஏதோ சிக்கியது. அது இருமலாக மாறி வெகுநேரம் நீண்டது. ஐயப்பன் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு, "ஏத்தம்" என்றார்.

வன்னியபெருமாள் தன் சீட்டைப் பார்த்தார். இரண்டு ஒன்பது. மீதி ஒன்றுக்கும் உதவாது. "பாக்கேன்" என்றார்.

தாணுமாலையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன மாத்துகீங்க சார்?" என்றார் ஞானசிகாமணி.

"வேண்டாம்" என்றார் சார். "ஒண்ணும் மாத்த வேண்டாம். இதே போதும்."

பெஞ்சில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஒன்றுமே மாற்றாத கை, ஒன்று, நிறைந்த கையாக இருக்க வேண்டும்; அல்லது மாற்றினாலும் உருப்படாத கையாக இருக்க வேண்டும். வன்னியபெருமாள் மூன்று மாற்றினார். வந்தவற்றை ஒவ்வொன்றாக, கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. அதே இரண்டு ஒன்பது.

சார் நாலு வில்லையை நடுவில் வைத்தார். இந்தத் தடவை செருமவில்லை. வன்னியபெருமாளைப் பார்த்தார். பார்வையில் பழைய இளக்காரம் கொஞ்சம் இருந்தது. அதற்குக் கீழே வேறு ஏதோ, கூப்பிடுவதுபோல. "டே, வன்னியபெருமாளு" என்றார். அந்த மேசையில் அந்தப் பெயர் சொல்லப்பட்டது அதுதான் முதல்முறை. "கவுத்திரு டே. நான் வெளையாடிச் சொல்லல. கையில சீட்டு இருக்கு."

"இருக்கட்டும் சார்."

"சொன்னாக் கேளு. பெஞ்சுக்குத்தான் போகணும் நீ."

"போறேன்."

"வயசுல மூத்தவன் சொல்லுகேன்."

வன்னியபெருமாள் எண்ணி நாலு வில்லையை எடுத்தார். தகரத்தில் தோட்டத்து எண் குத்தியிருந்தது. ஓரங்கள் யார் யாரோ விரல் பட்டுத் தேய்ந்திருந்தன. வைத்தார். "பாத்துட்டேன்" என்றார். "காட்டுங்க."

சார் காட்டவில்லை. ஐந்து சீட்டையும் சேர்த்துக் கையில் எடுத்தார். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார். எதற்கு எழுந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. நின்றுகொண்டு காட்டத்தானா, இல்லை எழும்பியே விட்டாரா. சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் இரண்டு எட்டு நடந்து, அவர்களுக்கு முதுகு காட்டி, கீழே சாலையைப் பார்த்து நின்றார். வியர்வையில் நனைந்த வேட்டியின் பின்புறத்தில் பிரம்பின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது, கண்கண்ணாக, வரிவரியாக.

"சார்" என்றார் வன்னியபெருமாள். "காட்டுங்க சார்."

ஐயப்பன் காலி நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு கையை மறுபடியும் அங்கேயே வைத்தான்.